ஐம்பதாம் ஆண்டு விழாவில் எதை விடலாம்?

கேள்வி இது: "எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள அறிவியல் சங்கத்துக்கு வரும் ஆண்டு 50 நிறைகிறது. நான் செயலாளர். கருத்தரங்கு, விருது, விழா மலர் மூன்றையும் செய்தாக வேண்டும் என்று செயற்குழு சொல்கிறது. கையிருப்போ ஒன்றரைக்குத்தான் வரும். பெரிய சங்கங்கள் இதையெல்லாம் எப்படிச் செய்தன? எதை விட்டால் பாதகமில்லை?"

விருதை விடுங்கள். கருத்தரங்கைச் சுருக்குங்கள். மலரில் கை வைக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் 'மலர்' என்றதும் உங்கள் செயற்குழுவின் மனத்தில் விரிவது எது என்று எனக்குத் தெரியும். எங்கள் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு மெய்ப்புத் திருத்தியவன் நான். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தேதி. 50 நிறைகிறது என்கிறீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்? சங்கங்களுக்குப் பிறந்தநாள் ஒன்றோடு நிற்பதில்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசிய நாள் ஒன்று. பதிவு அலுவலகத்தில் முத்திரை விழுந்த நாள் ஒன்று. முதல் செய்திமடல் வந்த நாள் இன்னொன்று. எங்கள் சங்கத்தில் இதை வைத்தே இரண்டு கூட்டங்கள் சண்டையில் கழிந்தன. உலகின் மிகப் பழைய அறிவியல் சங்கங்களில் ஒன்றான லண்டன் ராயல் சொசைட்டிக்கே இந்தக் குழப்பம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாலைப் பொழுதுகள் மிச்சமாகியிருக்கும்.

1660 நவம்பர் 28 அன்று லண்டன் கிரஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியர் கிறிஸ்டோபர் ரென் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது முடிந்ததும் 12 பேர் தங்கி, வாரம் ஒருமுறை கூடிச் சோதனைகள் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். சேரும்போது 10 ஷில்லிங், பிறகு வாரத்துக்கு 1 ஷில்லிங் சந்தா. அரசர் இரண்டாம் சார்லஸின் சாசனம் கிடைத்தது 1662-இல். இப்போது கணக்கைப் பாருங்கள். 250-ஆம் ஆண்டு விழாவை 1912 ஜூலையில் கொண்டாடினார்கள். அதாவது சாசனம் கிடைத்த ஆண்டிலிருந்து எண்ணினார்கள். 300-ஆம் ஆண்டு விழாவை 1960 ஜூலையில் கொண்டாடினார்கள்; இந்தமுறை முதல் கூட்டத்திலிருந்து எண்ணினார்கள். 250-க்கும் 300-க்கும் நடுவில் 48 ஆண்டுதான்! அதிலும் பிறந்த மாதம் நவம்பர், விழா ஜூலையில். லண்டனின் நவம்பர் வானத்தைப் பார்த்தவர்கள் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள்.

நம் ஊர்க் கதையும் இதுதான். இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலில் கூடியது 1914 ஜனவரியில். நூற்றாண்டு விழா நடந்தது 2013 ஜனவரியில். கழித்துப் பார்த்தால் 99. அவர்கள் எண்ணியது ஆண்டுகளை அன்று, கூட்டங்களை. நூறாவது கூட்டம் வந்துவிட்டது, நூறாவது ஆண்டு இன்னும் வரவில்லை. இதனால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. பள்ளித் தேர்வு இல்லாத, மழை இல்லாத, மண்டபம் மலிவாகக் கிடைக்கிற மாதமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எண்ணினோம், ஏன் என்று மலரில் ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் 75-ஆம் ஆண்டில் வேறொரு செயற்குழு அதே இரண்டு மாலைகளை வீணாக்கும்.

இனி கூட்டம். விழாக் கூட்டம் ஒன்று எப்படியிருக்கும் என்று கேட்டால் நான் எப்போதும் காட்டுவது 1938 கல்கத்தாவை.

இந்திய அறிவியல் மாநாட்டைத் தொடங்கியவர்கள் இரண்டு வேதியியல் பேராசிரியர்கள். ஒருவர் லக்னோ கேனிங் கல்லூரியின் மக்மேகன். மற்றவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த சைமன்சன். இங்கிலாந்தில் 1831 முதல் பிரிட்டிஷ் அசோசியேஷன் என்றொரு அமைப்பு ஆண்டுக்கு ஓர் ஊராகச் சென்று கூட்டம் போட்டுவந்தது. அதைப் போல இங்கேயும் வேண்டும் என்று இவர்கள் இருவரும் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்கள். 1914-இல் கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி கட்டடத்தில், ஆசுதோஷ் முகர்ஜி தலைமையில் கூடிய முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் 105 பேர். படித்த கட்டுரைகள் 35. அடுத்த ஆண்டே மாநாடு சென்னைக்கு வந்தது. 35 கட்டுரை என்பது இன்றைக்கு ஒரு கல்லூரித் துறையின் இரண்டு நாள் கருத்தரங்குக்கே வந்துவிடும். தொடக்கம் அவ்வளவு சிறியது என்பதை உங்கள் செயற்குழுவில் சொல்லுங்கள்; கொஞ்சம் தெம்பு வரும்.

வெள்ளி விழாவுக்கு, அதாவது 25-ஆவது கூட்டத்துக்கு, தாங்கள் யாரைப் பார்த்துத் தொடங்கினார்களோ அந்தப் பிரிட்டிஷ் அசோசியேஷனையே அழைத்துக் கூட்டாக நடத்தினார்கள். தலைமை தாங்க இசைந்தவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு, அணுக்கருவைக் கண்டுபிடித்தவர். 1938 ஜனவரியில் கூட்டம். 1937 அக்டோபர் 19 அன்று, கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டு காலமானார். குடலிறக்கம் சிக்கிக்கொண்டு, நாலைந்து நாளில் முடிந்துபோயிற்று. விழாவுக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது.

வானியல் அறிஞர் ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆனால் ரூதர்ஃபோர்டு இந்த விழாவுக்கென்று உரையை ஏற்கெனவே ஆயத்தம் செய்து வைத்திருந்தார். அந்த உரை அவையின் முன் வைக்கப்பட்டது. ஆள் இல்லை, பேச்சு இருந்தது. இதிலிருந்து உங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம்: சிறப்புரையாற்ற வருபவரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்துப் படியை வாங்கிவிடுங்கள். சாவு வரைக்கும் போக வேண்டாம். ரயில் தாமதமாகும், தொண்டை கட்டும், மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கையில் படி இருந்தால் விழாவும் நடக்கும், மலரும் நிறையும். 'வந்து பேசிவிட்டுப் பிறகு எழுதித் தருகிறேன்' என்றவர்களில் எழுதித் தந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் கல்கத்தாக் கூட்டத்துக்கு வானியலின் எடிங்டன் வந்தார், வேதியியலின் ஆஸ்டன் வந்தார், புள்ளியியலின் ஃபிஷர் வந்தார். உளவியல் அறிஞர் யுங்கும் அந்த விழாவை ஒட்டித்தான் இந்தியா வந்தார். வந்தவர் வயிற்றுக்கடுப்பு கண்டு கல்கத்தா மருத்துவமனையில் படுத்துவிட்டார். விருந்தினர்களுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் தருவதற்கென்று ஓர் ஆளைத் தனியாகப் போடுங்கள் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி மேடைக்கு வெளியே நடந்தது. கல்கத்தாவில் மகலநோபிஸ் நடத்திவந்த புள்ளியியல் நிறுவனத்துக்கு அப்போது ஏழு வயதுகூட ஆகவில்லை. ஃபிஷர் எப்படியும் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அதே ஜனவரியில் அதே ஊரில் இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் முதல் கூட்டத்தைக் கூட்டி, ஃபிஷரையே தலைமை தாங்கவைத்தார்கள். பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக் கோஷ்டியை நிறுத்திவைத்து, அடுத்த தெருவில் காதுகுத்தும் முடித்த கதை. சிறிய சங்கம் செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அந்த மாதம் யார் எதற்காக வருகிறார்கள் என்று விசாரியுங்கள். பயணச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்ட அறிஞரை விடச் சிறந்த அறிஞர் கிடையாது.

2013 நூற்றாண்டுக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. பிரதமர் மன்மோகன் சிங்தான் மாநாட்டுப் பொதுத் தலைவர். குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார். மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கை அங்கே வெளியானது. கொள்கை வெளியானது நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் எந்த ஆய்வு படிக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் தேட வேண்டும். அரசு மேடையேறினால் அறிவியல் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே பாதிக் காலை போய்விடும். உங்கள் ஊரில் அமைச்சர் வருகிறார் என்றாலும் அளவில்தான் வித்தியாசம்.

விருதுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அறிவியல் விருதுகளில் மிகப் பழையது. காட்ஃப்ரி காப்ளி என்பவர் விட்டுப்போன 100 பவுண்டில் உண்டானது. 1731-இல் முதன்முதலாகப் பெற்றவர் ஸ்டீஃபன் கிரே, பரம்பரையாகத் துணிக்குச் சாயம் போடும் தொழில் செய்தவர். மின்சாரம் நூல் வழியாக நூற்றுக்கணக்கான அடி ஓடும் என்று காட்டியவர் அவர். சணல் நூலைப் பட்டு நூலில் தொங்கவிட்டுச் செய்த சோதனை. முதல் விருதை ஒரு சாயக்காரருக்குக் கொடுத்த அந்தத் தேர்வை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே பதக்கத்தை 1984-இல் பெற்றவர் நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர்.

ஆனால் அதே சங்கத்தின் இன்னொரு கதையையும் கேளுங்கள். ஹெர்த்தா அயர்ட்டன் என்ற பொறியியல் அறிஞர், இரண்டு கரித்தண்டுகளுக்கு இடையே மின்பொறி பாய்ந்து எரியும் மின் வில் விளக்கு ஏன் சீறுகிறது, ஏன் துடிக்கிறது என்று ஆராய்ந்தவர். 1902-இல் அவரை உறுப்பினராக்க முன்மொழிந்தபோது, மணமான பெண்ணை உறுப்பினராக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வக்கீலிடம் கருத்துக் கேட்டு மறுத்தார்கள். 1906-இல் அவருக்கே ஹியூஸ் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் வாங்கலாம், பக்கத்தில் உட்கார முடியாது! முதல் பெண் உறுப்பினர்கள் அங்கே தேர்வானது 1945-இல்: கேத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீஃபன்சன். யாருக்குக் கொடுத்தோம் என்பதை மட்டும் விருதுப் பட்டியல் பேசுவதில்லை. யார் நம் கண்ணில் படவேயில்லை என்பதையும் அது எழுதி வைத்துவிடுகிறது. 50 ஆண்டுக்கு ஒருமுறை அவசரமாகத் தேர்ந்தெடுக்கும் விருதில் அந்தப் பட்டியல் இன்னும் பச்சையாகத் தெரியும்.

அடுத்தது கணக்கு. பொன்விழாவில் ஒரு விருதைத் தொடங்கினால் அது ஒரு நாள் செலவன்று, ஆண்டுதோறும் வந்து நிற்கும் கடன். எங்கள் வெள்ளி விழாவில் ஓர் உறுப்பினர் தம் தந்தையார் பெயரில் தங்கப் பதக்கத்துக்குத் தொகை கொடுத்தார். வங்கி வட்டியில் ஆண்டுக்கொரு பதக்கம். மூன்றாம் ஆண்டில் தங்கம் ஏறியது, வட்டி இறங்கியது. பதக்கம் வெள்ளிக்கு மாறித் தங்க முலாம் பூசிக்கொண்டது. பிறகு மரக் கேடயம். பிறகு சட்டம் போட்ட சான்றிதழ். கடைசியாக நான் பார்த்தபோது சட்டமும் போய், சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட சான்றிதழாக இருந்தது. அந்த உறுப்பினர் கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குத் தலை நிமிரவில்லை. யாராவது அறக்கட்டளைத் தொகை தருகிறேன் என்றால், அதைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஒரே ஒருமுறை கருவி வாங்கித் தருவதாகப் பேசி முடியுங்கள். ஒரு தொலைநோக்கி, ஒரு நுண்ணோக்கி. முடிந்த காரியமாக இருக்கட்டும்.

இப்போது மலர். நான் நீட்டிப் பேச விரும்புவது இங்கேதான்.

1686-இல் ராயல் சொசைட்டி மீன்களின் வரலாறு என்று ஒரு பெரிய புத்தகம் போட்டது. மறைந்த வில்லபியின் குறிப்புகளை வைத்து ஜான் ரே முடித்த நூல். நல்ல நூல், மீனியல் படித்தவர்கள் இன்றும் மரியாதையாகச் சொல்வார்கள். ஆனால் பக்கம் பக்கமாகச் செம்புத் தகட்டில் செதுக்கிய படங்கள். உறுப்பினர்கள் தலைக்கு இத்தனை படம் என்று பணம் கொடுத்தார்கள். அப்போதைய தலைவர் சாமுவேல் பெப்பிஸும் தாராளமாகக் கொடுத்தார். புத்தகம் விற்கவில்லை. கல்லா காலி. அந்த நேரம் பார்த்து நியூட்டனின் பிரின்சிபியா அச்சுக்கு ஆயத்தமாகி வந்து நிற்கிறது. ஈர்ப்பு விதி, இயக்க விதிகள் எல்லாம் அடங்கிய நூல். அச்சிடச் சங்கத்திடம் காசில்லை! சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்த எட்மண்ட் ஹாலி தம் கைப்பணத்தைப் போட்டு 1687-இல் அதை வெளிக்கொணர்ந்தார். அவருக்குச் சேர வேண்டிய 50 பவுண்டு சம்பளத்துக்குப் பதிலாகச் சங்கம் என்ன கொடுத்தது தெரியுமா? விற்காத மீன் புத்தகத்தில் 50 பிரதிகள்.

மீன் புத்தகம் விழா மலரன்று. ஆனால் எந்த விழா மலரைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. கையில் காசு இருந்தபோது கண்ணுக்கு அழகானதில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு வரப்போகிற நியூட்டனுக்கு இல்லாமல் செய்துவிடுகிறோம்.

எங்கள் மலரில் நடந்தது இன்னும் சிறிய கதை. உறுப்பினர்களில் ஒருவர் கிராமத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பள்ளி மைதானத்தின் மூலையில் ஒரு மழைமானியை வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து, நீள நோட்டில் எழுதிவந்தார். விடுமுறையிலும் சைக்கிளில் போவார். 19 ஆண்டுக் கணக்கு. மலருக்காக அதை மாதவாரியாகக் கூட்டி, நான்கு பக்கத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார். அச்சகத்தில் அச்செழுத்துகளைக் கோர்த்தும் ஆயிற்று. நான் மெய்ப்புப் பார்த்தேன். ஒரு நவம்பரில் மட்டும் எண் அநியாயத்துக்குப் பெரிதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுக் கேட்டேன். "சரிதான் தம்பி, அந்தப் புயல் வருஷம்" என்றார். மழைமானி நிரம்பி வழிந்துவிடும் என்று இரவில் மூன்றுமுறை எழுந்து போய் அளந்து கொட்டினாராம்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இரண்டு வாழ்த்துச் செய்திகள் வந்தன. முழுப்பக்கம், புகைப்படத்தோடு. கூடவே பின்னட்டைக்கு உள்ளே வர வேண்டிய ஒரு விளம்பரம். மலரின் பக்கக் கணக்கு எட்டின் மடங்கில் நிற்க வேண்டும், கூட்ட முடியாது என்றார் அச்சகக்காரர். எதை எடுப்பது? அட்டவணையை எடுத்தார்கள். 'அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிவாயிற்று. எந்த அடுத்த இதழ் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளி விழாவுக்கு அடுத்த இதழ் ஏது? அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போனபோது நோட்டுகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. கோர்த்த எழுத்து கலைந்து எப்போதோ அச்சகத்து அறைகளுக்குத் திரும்பிவிட்டது. வாழ்த்துச் செய்திகள் இரண்டும் என் அலமாரியில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஆகவே நான் மலரைப் பார்ப்பது இப்படி. ஒரு சங்கத்தின் வாழ்நாளில் பணம், அச்சகம், உறுப்பினர்களின் கவனம் மூன்றும் ஒரே மாதத்தில் கூடிவருவது ஆண்டு விழாவில் மட்டும்தான். இது இல்லாவிட்டால் வேறு எப்போதும் அச்சேறாது என்கிற சங்கதி எதுவோ, அதற்குத்தான் அந்தப் பக்கங்கள். பெரிய சங்கங்களின் விழா வெளியீடுகளில் நிலைத்தவற்றைப் பாருங்கள். 1912-இல் ராயல் சொசைட்டி தன் சாசனப் புத்தகத்தில் உறுப்பினர்கள் இட்ட கையெழுத்துகளை அப்படியே படியெடுத்து வெளியிட்டது. 1960-இல் தன்னைத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் கட்டுரைகள் எழுதவைத்துத் தொகுத்தது. கல்கத்தாவில் 1938-இல் விலங்கியல் அறிஞர் பெய்னி பிரசாத் பதிப்பாசிரியராக இருந்து, 25 ஆண்டுகளில் இந்திய அறிவியல் எங்கே வந்திருக்கிறது என்று துறை வாரியாக ஒரு நூல் வந்தது. பந்தல் பிரித்த அன்றோடு ஜீன்ஸின் கூட்டம் முடிந்துபோயிற்று. அந்த நூலை இந்திய அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

2010-இல் ராயல் சொசைட்டிக்கு 350-ஆம் ஆண்டு வந்தபோது பிரிட்டிஷ் அஞ்சல் துறை 10 தபால்தலைகள் போட்டது. லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகையை வாங்கிக் கருத்தரங்குக் கூடமாக்கினார்கள். பத்தாண்டு கழித்து அந்த மாளிகையை விற்றுவிட்டார்கள். கூடவே, தங்கள் இதழ்களில் வந்த கட்டுரைகளில் 60-ஐத் தேர்ந்தெடுத்து இணையத்தில் போட்டார்கள். என்னைக் கேட்டால், உண்மையான விழாப் பரிசு மறு ஆண்டு, 2011-இல், மாலை மரியாதை எதுவும் இல்லாமல் வந்தது: 70 ஆண்டுக்கு முற்பட்ட தங்கள் கட்டுரைகள் அத்தனையையும் யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அவர்களுடைய இதழ்களில் மூத்தது 1665-இல் தொடங்கியது. ஒரு மாணவன் இன்று நம் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து ஸ்டீஃபன் கிரேயின் நூல் சோதனையை அவர் எழுதிய சொற்களிலேயே படிக்க முடிகிறது.

ஆண்டு விழா ஒரு பொருளை அலமாரியிலிருந்து வெளியே இழுத்துவரும் என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று ராமானுஜன். அவர் கடைசி நாள்களில் எழுதிய தாள்கள், நூறு பக்கத்துக்கு மேல், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகப் பெட்டி ஒன்றில் கிடந்தன. (அந்த நூலகத்தைக் கட்டியவரும் 1660-இல் பேசிய அதே ரென்தான்.) 1976-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். பிறகும் 11 ஆண்டு, வல்லுநர்களின் கையில் நகல்களாக மட்டுமே சுற்றின. ராமானுஜன் நூற்றாண்டு வந்தது. 1987 டிசம்பரில் சென்னையில் பிரதமர் ராஜீவ் காந்தி அந்தக் கையெழுத்துப் படியின் அச்சுப் பதிப்பை வெளியிட்டார். நூற்றாண்டு என்ற கெடு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டு நகலாகவே சுற்றியிருக்குமோ.

'எங்களிடம் ராமானுஜன் இல்லையே' என்பீர்கள். இருந்தபோதும் யாருக்குத் தெரிந்தது? 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் கணிதப் பேராசிரியர் பதவியில் இருந்தவர் அல்லர், அரசு ஊழியர். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தபோது, குமாஸ்தா வேலை கேட்டு வந்த இளைஞன் நீட்டிய நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவரைத் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைக்க மனம் வரவில்லை என்று சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் அச்சேறியது அந்தச் சின்னக் கழகத்தின் இதழில்தான். அப்போது அந்தக் கழகத்துக்கு நான்கு வயது.

சரி, உங்கள் ஒன்றரைப் பங்குப் பணத்துக்கு வருவோம். கூட்டத்துக்கு அரைப் பங்கு: ஒரே நாள், ஒரே மண்டபம், காலையில் இரண்டு உரை, பிற்பகலில் பழைய உறுப்பினர்கள் வாய்க்கு வந்ததைப் பேசும் ஓர் அமர்வு. அந்தப் பிற்பகலை ஒலிப்பதிவு செய்யுங்கள். மற்றவை மலருக்கு. அதில் தொடக்கம் முதல் இன்றுவரை நடந்த சொற்பொழிவுகளின் பட்டியல், தேதியும் பேசியவர் பெயரும் தலைப்புமாக, உறுப்பினர் பட்டியல், முதல் ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடு எழுத்து மாறாமல், உங்கள் உறுப்பினர்கள் யாராவது அளந்து, எண்ணி, பார்த்து எழுதிவைத்த கணக்கு எதுவாயினும் முழுதாக. பறவைக் கணக்கெடுப்பு, கிணற்று நீர்மட்டம், எங்கள் ஆசிரியரைப் போல மழை. வாழ்த்துச் செய்திகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, 'வாழ்த்தியோர்' என்று பெயர்களை வரிசையாகப் போட்டு விடுங்கள். யாருக்கும் கோபம் வராது, வந்தாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். விளம்பரங்கள் வேண்டும், அவைதான் காகித விலையைக் கொடுக்கின்றன. கடைசியில் மொத்தமாக வையுங்கள். பக்கம் போதாவிட்டால் எதை எடுப்பது என்பதை விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் முடிவு செய்யாதீர்கள்; முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அச்சானதும் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்புங்கள். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மற்ற பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டியதும் உங்கள் கடமை. விழா மலர் போடுகிற சங்கங்களில் பாதிக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. 200 பேருக்கு இலவசமாகக் கொடுத்த மலரை 20 ஆண்டு கழித்துத் தேடினால் ஒருவர் வீட்டிலும் இருக்காது, கன்னிமாராவில் இருக்கும்.

ஒன்று மட்டும் நாளைக்கே தொடங்கிவிடலாம், அதற்குச் செயற்குழு ஒப்புதல் தேவையில்லை. சங்கத்தின் பழைய குழுப் படங்களை எடுத்துக்கொண்டு, உங்கள் உறுப்பினர்களில் வயதில் மூத்தவர் யாரோ அவர் வீட்டுக்குப் போங்கள். காலையில் போங்கள், மாலையில் களைத்துப்போவார்கள். நிற்பவர்கள் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம் என்று கேட்டு, படத்தின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் முகத்தின் மேல் கோடு விழும்.